பின்பக்கம் இல்லாத ஆட்டக்காரர்கள்

1880-களின் கடைசியில் நியூயார்க் பக்கத்து ஸ்டூடியோக்களில் பேஸ்பால் ஆட்டக்காரர்களைப் படமெடுத்த விதம் வேடிக்கையானது. கூரையிலிருந்து ஒரு நூலில் பந்தைக் கட்டித் தொங்கவிடுவார்கள். பின்னால் வரைந்த திரைச்சீலை. ஆட்டக்காரர் இரண்டு கைகளையும் நீட்டி, பறந்து வரும் பந்தைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். ஓடுகிற ஆளைப் பிடிக்கும் வேகம் அன்றைய ஸ்டூடியோ கேமராவுக்குக் கிடையாது. உற்றுப் பார்த்தால் சில படங்களில் அந்த நூல் இன்றைக்கும் தெரியும்.

இத்தனை பாடும் ஒரு சிகரெட் பொட்டலத்துக்காக. அப்போது பொட்டலம் வெறும் காகிதம். சட்டைப் பையில் நசுங்கினால் உள்ளே இருப்பது தூளாகிவிடும். அதைத் தடுக்க ஒரு கெட்டி அட்டையைச் செருகினார்கள். செருகுகிற அட்டை வெறுமையாகப் போவானேன் என்று அதில் நடிகை, குத்துச்சண்டைக்காரர், பேஸ்பால்காரர் என்று படம் ஒட்டினார்கள். குட்வின் கம்பெனி தன் ‘ஓல்ட் ஜட்ஜ்’ சிகரெட்டுக்காக 1887 முதல் 1890 வரை ஐந்நூறு பேருக்கு மேல் இப்படி நிற்கவைத்துப் படமெடுத்தது. அட்டையின் முன்பக்கம் உருவம், கீழே பெயரும் அணியும். பின்பக்கம் ஒன்றுமில்லை.

இந்தப் பின்பக்கம் நிரம்பிய கதைதான் எனக்கு முக்கியம். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட, இன்று டி206 என்று அழைக்கப்படும் 524 அட்டைகளின் முதுகில் சிகரெட் விளம்பரம் இருந்தது. 1911-ல் வந்த தங்க ஓர அட்டைகளில் ஆட்டக்காரரைப் பற்றிச் சில வரிகள் ஏறின. 1952-ல் டாப்ஸ் என்ற சூயிங்கம் கம்பெனி வெளியிட்ட 407 அட்டைகளில் பிறந்த தேதி, பிறந்த ஊர், உயரம், எடை, எந்தக் கை, போன வருஷக் கணக்கு, மொத்தக் கணக்கு எல்லாம் வந்துவிட்டன. அட்டையில் இருந்த உருவம் ஆளாக மாறியது இங்கேதான் என்பது என் கட்சி. முகத்தை வைத்துக்கொண்டு எங்கே போய்த் தேடுவது? பிறந்த ஊரும் தேதியும் இருந்தால் தேவாலயப் பதிவேட்டைப் புரட்டலாம், கல்லறைத் தோட்டத்தில் விசாரிக்கலாம்.

பேஸ்பால் அட்டை என்றதும் எல்லோரும் ஹோனஸ் வாக்னரைச் சொல்வார்கள். தன் படம் வேண்டாம் என்று அவர் மறுத்ததால் டி206 வரிசையில் அவருடைய அட்டை சில டஜன்தான் மிஞ்சியது. 2022-ல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அது நகைக்கடைச் செய்தி. வாக்னரின் முகம் யாருக்குத்தான் தெரியாது? அதே வரிசையில் சின்ன ஊர் அணிகளுக்கு ஆடிய மைனர் லீக் ஆட்டக்காரர்கள் நூற்றுக்கு மேல் இருக்கிறார்கள். ஒரு பருவம் ஆடிவிட்டுச் சுரங்கத்துக்கோ வயலுக்கோ திரும்பியவர்களுக்கும் அதே அட்டை, அதே காகிதம், அதே அச்சு.

அச்சாகிவிட்டால் சரியாகத்தான் இருக்கும் என்பதும் இல்லை. டி206-லேயே மகீ என்பவரின் பெயரை எழுத்துப் பிசகி அச்சிட்டார்கள். ஜோ டாயில் என்பவரை வேறொரு டாயிலோடு குழப்பி, தப்பான லீக்கில் சேர்த்தார்கள். 1969-ல் டாப்ஸ் வெளியிட்ட அவுரேலியோ ரோட்ரிகெஸ் அட்டையில் இருப்பவர் ரோட்ரிகெஸே இல்லை. அணிக்கு மட்டை எடுத்துக் கொடுக்கும் பையன். 1957-ல் ஹாங்க் ஆரனின் நெகட்டிவைப் புரட்டிப் போட்டு, வலதுகை ஆட்டக்காரரை இடதுகையராக்கிவிட்டார்கள். அத்தனை பெரிய கம்பெனி, அத்தனை பிரபலமான ஆள்!

இந்தக் குப்பையையெல்லாம் ஒழுங்குபடுத்தியவர் ஜெஃபர்சன் பர்டிக். சிராக்யூஸ் நகரத் தொழிற்சாலை ஒன்றில் பாகங்கள் பொருத்தும் வேலை, கைமூட்டெல்லாம் வாதம். 1939-ல் அமெரிக்க அட்டைகளுக்கு முதல் பட்டியல் போட்டவர் அவர்தான். டி206 என்ற எண்ணும் அவர் வைத்ததே. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட அட்டைகளை நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குக் கொடுத்து, தானே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் ஒட்டி முடித்தார், மார்ச்சில் இறந்தார். 1971-ல் கூப்பர்ஸ்டவுனில் 16 பேர் கூடிப் பேஸ்பால் ஆராய்ச்சிச் சங்கம் தொடங்கினார்கள். பெரிய லீக்கில் ஒரே ஒரு ஆட்டம் ஆடியவரானாலும் எங்கே பிறந்தார், எங்கே இறந்தார் என்று தேடிப் பிடிப்பதற்கென்றே அதில் ஒரு குழு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆட்டக்காரர் சிலருக்கு இன்னும் முதல் பெயரே கிடைக்கவில்லை. ஊர்ப் பத்திரிகையில் வந்த குடும்பப் பெயர் மட்டும் பட்டியலில் நிற்கிறது.

அட்டைக்குக் கடல் யாத்திரையும் உண்டு. 1952 அட்டைகளில் விற்காமல் தேங்கியவற்றை 1960-ல் குப்பைத் தோணியில் ஏற்றி அட்லாண்டிக்கில் கொட்டியதாக அவற்றை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். அந்த வரிசையில் மிக்கி மாண்டில் அட்டை ஒன்று 2022-ல் 1.26 கோடி டாலருக்கு விற்றது. கடலில் போட்டது போய்விடும் என்று கேரளக் கடற்கரை ஊரான விழிஞ்ஞத்தில் சொன்னால் சிரிப்பார்கள். 2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குக் கிளம்பிய எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கிய பிறகு, பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரம் கரைவரை வந்து ஒதுங்கின. அட்டை மட்டும் நல்ல பிள்ளையாகக் கரைந்துவிட்டது போல.

நம் பக்கத்துக்கு இந்த அட்டை இங்கிலாந்து வழியாக வந்தது. 1896-ல் வில்ஸ் கம்பெனி ஐம்பது கிரிக்கெட்காரர்களின் அட்டைகளை வெளியிட்டது. ரஞ்சித்சிங்ஜியின் முகம் பல கம்பெனிகளின் அட்டைகளில் வந்தது, இங்கிலாந்து ஆட்டக்காரராக. 1940-ல் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் அங்கே சிகரெட் அட்டையே நின்றது. பிறகு நம் பிள்ளைகள் கையில் வந்து சேர்ந்தது 1980-களின் பிக் ஃபன் பபிள்கம்மோடு. உள்ளே கிரிக்கெட்காரர் படம், அதில் இத்தனை ரன், இத்தனை விக்கெட் என்று அச்சு. சேர்த்துக் கொடுத்தால் பரிசு. கவாஸ்கர், கபில், விவ் ரிச்சர்ட்ஸ். எல்லாம் கிரிக்கெட்.

விழிஞ்ஞம், பூந்துறை, பொழியூர், எல்லைக்கு இப்பால் நீரோடி, தூத்தூர், சின்னத்துறை வரை அந்தக் கடற்கரை முழுக்க மணலில் உதைபடுவது கால்பந்து. 2018-ல் சந்தோஷ் டிராபி வென்ற கேரள அணியில் பொழியூர் சீசன் இருந்தார். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். வரை போனார். இந்தக் கரைக்காரர்களின் தாத்தா காலத்து ஆட்டக்காரர்களுக்கு எந்தக் கம்பெனியும் அட்டை போடவில்லை. அவர்களுக்கு வாய்த்ததெல்லாம் குரூப் போட்டோ.

குரூப் போட்டோ எப்படிப்பட்ட சாட்சி என்பதற்கு 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆடிய இந்தியக் கால்பந்து அணியே போதும். ஜூலை 31 அன்று இல்ஃபோர்டில் பிரான்ஸிடம் 1-2 என்று தோற்றார்கள். பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு பெனால்டியை வீணடித்ததும் தெரியும். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அந்த அணிப் படத்தில் ராமன் யார் என்று காட்டச் சொன்னால் எத்தனை பேரால் முடியும்? அதே அணியில் திருவல்லா பாப்பனும் இருந்தார். ஆனால் ஒலிம்பிக் பட்டியலில் பாப்பன் என்று தேடினால் அகப்பட மாட்டார். அங்கே அவர் தாமஸ் வர்கீஸ். மைதானத்தில் ஒரு பெயர், காகிதத்தில் ஒரு பெயர். இரண்டையும் முடிச்சுப் போட யாராவது உயிரோடு இருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான கதையும் நம்மிடம் உண்டு. சென்னை கோட்டா ராமசாமி 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடினார்; 1936-ல் நாற்பது வயதில் மான்செஸ்டரில் டெஸ்ட் கிரிக்கெட்டுக்கு வந்து 40, 60 என்று அடித்தார். பிறந்தது 1896 ஜூன் 16, அப்பா புச்சிபாபு நாயுடு, இரண்டே டெஸ்டில் 170 ரன். சுயசரிதையும் எழுதிவைத்தார். பின்பக்கத்தில் நிரப்ப வேண்டிய எல்லாம் பாக்கியில்லாமல் இருக்கிறது. 1985 அக்டோபர் 15 அன்று வீட்டைவிட்டுக் கிளம்பினார். அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை.

விழிஞ்ஞம் பக்கத்தில் ஒரு வீட்டில் நான் பார்த்த படத்துக்கு வருகிறேன். வழக்கமான அமைப்புதான். நடு நாற்காலிகளில் கிளப் தலைவர், செயலாளர், வாத்தியார். வேட்டியும் அரைக்கைச் சட்டையும். பின்வரிசையில் ஆட்டக்காரர்கள். தரையில் சம்மணமிட்டு இரண்டு பையன்கள், நடுவே பந்தும் கோப்பையும். கீழே இடமிருந்து வலமாகப் பெயர் எழுதிய பட்டை. அதில் நாற்காலிக்காரர்களின் பெயர் பட்டத்தோடும் பதவியோடும் முழுசாக இருந்தது. நின்றவர்களுக்கு எழுத்து சிறுத்து, கடைசிப் பக்கம் ஈரம் ஏறிக் கறையாகிவிட்டது. கோப்பையை ஜெயித்தது யார் என்று அந்தப் பட்டையைக் கேட்டால் செயலாளர் என்றுதான் சொல்லும்.

உப்புக்காற்றில் தொங்கிய படத்துக்கு ஒரு வியாதி உண்டு. ஈரத்தில் படத்தின் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தெடுக்கிறேன் என்று இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடிக்கு மேலேயே வெளிச்சத்தைச் சாய்த்து வைத்துப் படமெடுப்பதுதான் நல்லது. அப்படித்தான் எடுத்தோம். பின்பக்கத் தகரத்தைக் கழற்றிப் பார்த்தோம். ஃப்ரேம் போட்டவர் பென்சிலில் எழுதிய அளவு மட்டும் இருந்தது.

இனி முகத்தை விட்டுவிட்டு மற்றதைப் பார்க்க வேண்டியதுதான். முதலில் கால். 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. ஆகவே வெறுங்கால் அணி என்றால் அதற்கு முந்தியது என்று சொல்லத் தோன்றும். அது கால்பந்துச் சங்கம் நடத்தும் போட்டிக்குத்தான் செல்லும். ஊர் டோர்னமென்ட்டில் வெறுங்கால் வெகுகாலம் ஓடியது. பந்து கொஞ்சம் நம்பகமான சாட்சி. வாயில் கயிறு கட்டிய தோல்பந்து பழையது. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பந்து பெரும்பாலும் 1970 உலகக் கோப்பைக்குப் பிறகு. சட்டையில் எஸ்.பி.டி. என்று இருந்தால் 1960-க்கு முன்னால் போக முடியாது, 2017-க்குப் பின்னால் வரவும் முடியாது. ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் அந்தப் பெயரில் இருந்தது அவ்வளவு காலம்தான். திரு-கொச்சி என்று இருந்தால் 1949-க்கும் 1956-க்கும் இடையே. 1956 நவம்பர் 1-க்கு முன்பு தூத்தூர்க்காரனும் விழிஞ்ஞத்துக்காரனும் ஒரே மாநிலத்து ஆட்டக்காரர்கள். அன்று முதல் ஒருவன் சென்னை மாநிலம், ஒருவன் கேரளம்.

வேட்டியும் பேசும். கேரளத்தில் முஸ்லிம்கள் முண்டின் தலைப்பை இடப்பக்கம் விடுவார்கள், மற்றவர்கள் வலப்பக்கம். லத்தீன் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் அக்கம்பக்கமாக வாழ்கிற விழிஞ்ஞத்தில் இது சின்னத் துப்பு இல்லை. ஆனால் ஹாங்க் ஆரனுக்கு நடந்தது இங்கேயும் நடந்திருக்கலாம். நெகட்டிவ் புரண்டிருந்தால் எல்லாம் தலைகீழ்: முண்டின் தலைப்பு மாறும், அதைவிட மோசம், இடமிருந்து வலமாக எழுதிய அத்தனை பெயரும் தப்பான ஆள் மேல் போய் உட்காரும். சந்தேகம் தீர்க்கச் செயலாளரின் சட்டையைப் பார்த்தால் போதும். பை இடது மார்பில் இருக்கிறதா? இருந்தது. படம் புரளவில்லை.

1973-ல் கொச்சியில் ரயில்வேயை 3-2 என்று வென்று கேரளத்துக்கு முதல் சந்தோஷ் டிராபியைக் கொண்டுவந்த அணியின் படத்துக்கு இந்தத் துப்பறியும் வேலை எதுவும் தேவையில்லை. மூன்று கோலையும் அடித்த கேப்டன் மணியை விடுங்கள், பெஞ்சில் இருந்தவர்களைக்கூடப் பத்திரிகைகள் பெயரோடு போட்டுவிட்டன. ஊர்ப் படத்துக்கு அந்த யோகம் ஏது? பெரியவர்களிடம் கொண்டுபோனோம். அவர்கள் பெயரிலிருந்து தொடங்கவில்லை. இன்னார் மருமகன், இன்ன வள்ளத்துக்காரன், பிறகு கல்ஃப் போனவன் என்று வீட்டையும் வள்ளத்தையும் சொல்லிக்கொண்டே போய்க் கடைசியில்தான் பெயருக்கு வந்தார்கள். பின்வரிசை ஏறக்குறைய நிரம்பியது. வலக்கோடியில், மற்றவர்களைவிட ஒரு சாண் தள்ளி நின்ற ஆளிடம் எல்லோரும் தடுக்கி நின்றார்கள். லெஃப்ட் ஹாஃப் ஆடினான், தலையால் பந்தடிப்பதில் கில்லாடி, செமிஃபைனலில் கோல் அடித்தவன் இவன்தான் என்பதில் சந்தேகமில்லை. பெயர்தான் வரவில்லை.

“அவன் நம்ம ஊர்க்காரன் இல்ல மக்களே,” என்றார் மூத்தவர். “கெஸ்ட்டா வந்தவன். அந்த ஒரு டோர்னமென்ட்தான். தூத்தூர்ப் பக்கமாயிருக்கும்.”

வெளியூரிலிருந்து ஒரு போட்டிக்கு மட்டும் கூட்டிவரும் கெஸ்ட் ஆட்டக்காரனுக்குச் சாப்பாடும் பஸ் காசும் கொஞ்சம் பணமும் கிடைக்கும்; கிளப் பதிவில் பெயர் ஏறாது. ஓல்ட் ஜட்ஜ் அட்டைக்காகப் பந்துக்கு அடியில் நின்ற ஒரு பருவ ஆட்டக்காரனுக்குக்கூட கீழே பெயர் அச்சிட்டார்கள். படத்தின் பிரதி இப்போது வாட்ஸ்அப்பில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று சுற்றுகிறது. இதுவரை மூன்று குடும்பங்கள் அவரைத் தங்கள் ஆள் என்று சொல்லியிருக்கின்றன. அதில் ஒரு வீட்டில் வேறொரு குரூப் போட்டோ இருக்கிறதாம், பின்னால் பேனாவில் பெயர்களோடு.