களா நீழல்

தலமரம் எனின், வானளாவிய ஆலும் தண்ணிழற் கடம்பும் நினைவில் எழுதல் இயல்பு. ஆயின், கரிசல் நாட்டிலே எம்பெருமான் நீழலாகக் கொண்டது முள்நிறைந்த களாவே என்பதைப் பலர் கருதிற்றிலர்.

மரத்தைத் தெய்வத்தின் உறைவிடமாகக் கோடல் தமிழகத்தில் மிகத் தொன்மை வாய்ந்தது. மன்றத்து மராமரத்தில் உறையுங் கடவுள் கொடியோரை ஒறுக்கும் என்னும் நம்பிக்கையைக் கபிலர் குறுந்தொகை 87-ஆம் செய்யுளிற் குறித்தனர். ஆனைக்காவில் வெண்ணாவலின்கீழ் இருந்த இலிங்கத்தைச் சிலந்தியும் யானையும் வழிபட்டமையும், பின்னர்க் கோச்செங்கட் சோழர் ஆண்டுக் கோயில் எடுத்தமையும் பெரியபுராணம் உணர்த்தும். முன்னது மரம்; பின்னதே கற்கோயில் என்க. அப்பரடிகளும் அடைவு திருத்தாண்டகத்திற் 'காடு' என முடியும் பதிகளை ஒரு தொகுதியாக வைத்துப் போற்றியருளினார்.

இனிக் கரிசல் நிலத்தை நோக்குவாம். கோவிற்பட்டியிற் செண்பகவல்லியம்மையோடு எழுந்தருளிய இறைவன் திருநாமம் பூவனநாதர். ஆண்டுத் தலமரம் களா. களாக்காட்டில் இலிங்கம் வெளிப்பட்டதெனத் தலவரலாறு கூறும். அதற்கு மேற்கே, கரிவலம்வந்தநல்லூர் என வழங்குந் திருக்கருவையிலும் தலமரம் களாவே. அத்தலத்துப் பால்வண்ணநாதர்மீது 16-ஆம் நூற்றாண்டினனாகிய அதிவீரராம பாண்டியன் பாடிய பதிற்றுப்பத்தந்தாதியைச் சான்றோர் 'குட்டித் திருவாசகம்' எனக் கொண்டாடுவர். முடிமன்னனை உருகச்செய்த பெருமான் வீற்றிருந்தது ஒரு முட்செடியின் அருகே!

களா மழை குன்றினும் எளிதில் மாயாது, முள்ளும் பாலும் உடையது, வெண்பூ மணக்கும், கருங்கனி புளிக்கும். வானம்பார்த்த நிலத்து மாந்தர்க்கு நாளும் கட்புலனாவதொன்றில் இறைவன் வெளிப்படுதல் அவன்றன் எளிவந்த தன்மையைக் காட்டுவதாம்.

மரத்தை வணங்கல் அறியாமையன்றோ எனின், அன்று. எழுவகைப் பிறப்பினுள் தாவரமும் ஒன்றாகலின், மரம் பசுவேயன்றிப் பதியன்று. பாலில் நெய்போல் எங்கும் மறைந்து நிற்கும் முதல்வன், தயிரில் நெய்போற் சிலவிடத்து விளங்கித் தோன்றுவன். அதுபற்றியே சிவஞானபோதம் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழப் பணித்தது. தலமரமும் அவ்வாலயத்தின் உறுப்பேயாம்.

இக்காலத்துக் கரிசற் புறம்போக்குகளிற் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கின்றது. களாவை நேரிற் கண்டறியாத இளைஞரும் உளர். பூவனம் என்னும் பெயர் மட்டும் எஞ்சி, வனம் ஒழிதல் தகுமோ? திருப்பணி செய்யும் அன்பர்கள் கோபுரத்திற்கு வண்ணந் தீட்டுமுன், திருச்சுற்றில் ஒரு களாக்கன்று நட்டு நீர்வார்ப்பாராக. அதுவும் சிவத்தொண்டேயாம்.