பொயின்ற்ஸ் யாருக்கு ஏறுது? மருந்துக்கடைக் காட்டின் சிறு வரலாறு

பெரிய கடைத்தொடர்களில் எதை வாங்கினாலும், பில் போட முதல் ஒரு கேள்வி வரும்: "போன் நம்பரைச் சொல்லுங்கோ, பொயின்ற்ஸ் ஏறும்." சவர்க்காரத்துக்கும் கேட்பார்கள், சீனி வருத்தக் குளிசைக்கும் கேட்பார்கள். நிலாவெளியில் இருந்து டவுனுக்கு மருந்து வாங்கப் போகிற நாங்களும் யோசிக்காமல் சொல்லிவிட்டு வருகிறோம். நூறு ரூபா மிஞ்சினாலும் லாபம்தானே?

லாபம்தான். ஆனால் அந்த நூறு ரூபா எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், கதை 180 வருசம் பின்னால் போகிறது.

1844இல் இங்கிலாந்தின் றொச்டேல் நகரில், நெசவாளர் உட்பட 28 பேர் காசு போட்டு ஒரு கடை திறந்தார்கள். மா, பட்டர், சீனி என்று சில சாமான்கள்தான். லாபத்தை, யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த அளவுப்படி அங்கத்தவருக்கே பிரித்துக் கொடுத்தார்கள். வாங்கியதற்கு ஏற்பத் திரும்பக் கிடைப்பது, இதுதானே இன்றைய பொயின்ற்ஸ்? ஒரே ஒரு வித்தியாசம்: அங்கே கடையே வாங்குபவருடையது.

இந்த யோசனை எங்கள் பக்கமும் வந்தது. இரண்டாம் உலகப் போரில் சாமான் தட்டுப்பட்டபோது, பங்கீட்டுக்காக இலங்கை முழுவதும் கூட்டுறவுக் கடைகள் பரவின. 1957க்குப் பிறகு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. இன்றைக்குச் சங்கக்கடை என்றால் எங்கட வீட்டுப் பெரியவர்களுக்குக் கூப்பனும் கியூவும்தான் ஞாபகம் வரும். அதன் அடியில் இருந்த "கடை எங்களுடையது" என்ற எண்ணம் மெல்ல மெல்ல மறந்துபோயிற்று.

மருந்துக்கு இலங்கை இன்னொரு வழியையும் கண்டது. 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் முதல் தலைவர் பேராசிரியர் சேனக பிபிலே. கம்பனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் பொதுப் பெயரில், மொத்தமாக, உலக அளவில் கேள்விப்பத்திரம் கோரி வாங்கினால் விலை விழும் என்றார். விழுந்தது. அந்த விலைக்குறைப்புக்குக் காட் தேவையில்லை, நம்பர் தேவையில்லை. ஒசுசலவுக்குள் யார் போனாலும் அது கிடைக்கும்.

மூன்றாவது வழிதான் காட். அமெரிக்காவில் 1896இல் ஸ்பெரி அன்ட் ஹட்சின்சன் கம்பனி பச்சை முத்திரைகளைக் கடைகளுக்கு விற்கத் தொடங்கியது. சாமான் வாங்கினால் கடைக்காரர் முத்திரை தருவார். கொப்பியில் ஒட்டி நிரப்பினால் பொருள் கிடைக்கும். அந்த முத்திரைக்கு உங்கள் பெயர் தெரியாது. கம்ப்யூட்டர் வந்த பிறகு அது மாறியது. பிரிட்டனில் 1995இல் டெஸ்கோவும் 1997இல் மருந்துக்கடைத் தொடரான பூட்ஸும் காட் கொடுத்தன. முத்திரை ஒட்டுகிற கொப்பி இப்போது கடையின் கையில். நீங்கள் எதை, எப்போது, எத்தனை தரம் வாங்கினீர்கள் என்று எழுதுவதும் கடைதான்.

எங்கட சொந்தக்காரர் கனபேர் இருக்கிற கனடாவைப் பார்ப்போம். ஸ்காபுரோவில் எந்த வீட்டில் கேட்டாலும் பிசி ஒப்டிமம் தெரியும். ஷொப்பர்ஸ் ட்ரக் மார்ட் என்ற மருந்துக்கடைத் தொடரின் பழைய காட் 2018இல் இதோடு சேர்ந்தது. வழக்கமான கணக்கு: ஒரு டொலருக்கு 15 பொயின்ற், 10,000 பொயின்றுக்கு 10 டொலர். கணக்குப் போட்டால் நூற்றுக்கு ஒன்றரை. 10 டொலர் திரும்பி வர ஏறத்தாழ 667 டொலர் செலவழிக்க வேண்டும். "இன்றைக்கு 20 மடங்கு" என்று வரும் நாட்களில் உண்மையாகவே நல்ல லாபம் கிடைக்கும், ஆனால் அதற்கும் ஒரு குறைந்தபட்சத் தொகைக்கு வாங்க வேண்டும். வீட்டுக்குத் தேவையானதை அந்த நாளுக்காக வைத்திருந்து வாங்குபவர் வெல்கிறார். தொகையை எட்டுவதற்காகக் கூடையை நிரப்புபவர் தோற்கிறார்.

சாமானுக்கு இது சரி. மருந்துக்கு? இதே கேள்வி கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நீதிமன்றம் வரை போனது. டொக்டர் எழுதிய மருந்துக்குப் பொயின்ற் கொடுக்கக் கூடாது என்று அங்குள்ள மருந்தாளர் கல்லூரி 2013இல் தடை போட்டது. பொயின்றுக்காக நோயாளி கடைக்குக் கடை மாறினால் அவருடைய முழு மருந்துக் கணக்கு யாரிடமும் இருக்காது, தேவையில்லாமல் மருந்து எடுக்கவும் தூண்டும் என்பது அவர்கள் வாதம். நோயாளிக்குக் கிடைக்கிற காசைத் தடுக்கிறீர்கள் என்றன சுப்பர்மார்க்கெட் கம்பனிகள். 2014இல் கம்பனிகள் வென்றன. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையைத் திரும்ப நிலைநாட்டியது.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மாதாமாதம் பிரஷர் குளிசை வாங்குகிற ஒரு குடும்பத்துக்கு அந்தச் சில்லறை பெரிய காசு. ஆனால் அரிசிக் கணக்கும் குளிசைக் கணக்கும் ஒன்றில்லை. ஊர்க் கடைக்காரருக்கும் யாருக்குச் சீனி வருத்தம் என்று தெரியும்தான். அது அவர் தலைக்குள் இருக்கிறது; காட்டில் ஏறியதோ ஒரு கம்பனியின் சொத்தாகிறது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலை விசேட வகையாகவே வைத்திருக்கிறது. ஆனால் சட்டத்தின் பல பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போனது.

அப்போ காட்டைக் கிழித்து எறியவா? தேவையில்லை. ஒரு பொயின்ற் எத்தனை ரூபா, எப்போது காலாவதியாகும் என்று முதலில் கேளுங்கள். பொயின்ற்ஸைப் பார்க்க முதல், டொக்டர் எழுதிய மருந்தின் பொதுப் பெயரைச் சொல்லி ஒசுசலவில் விலை கேளுங்கள். மலிவான மாற்று இருக்கிறதா என்று மருந்தாளரிடம் விசாரியுங்கள். பல நேரம் மிச்சம் அங்கேதான் இருக்கும். சவர்க்காரத்துக்கு நம்பர் கொடுங்கள். மருந்துக்குக் கொடுக்க விருப்பமில்லை என்றால் "வேண்டாம்" என்று சொல்லலாம், அதில் வெட்கமில்லை. அம்மம்மாவின் குளிசைக்கு உங்கள் நம்பரைச் சொல்ல முதல், அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வருத்தம் அவருடையது.