அம்பாசிடர் இன்ஜினுக்கு எத்தனை பிறவி?

இன்னைக்கு காரோட இன்ஜின் போச்சுன்னா, "மொத்தமா மாத்தணும்"னு சொல்லி ஒரு தொகையை எழுதிக் கொடுத்துடறாங்க. பாதிப் பேர் அந்தத் தொகையைப் பார்த்துட்டு வண்டியையே கைகழுவிடறாங்க. 1980கள்ல எங்க பொள்ளாச்சிப் பக்கம் கதை வேறங்க. இன்ஜின் போறதுங்கிறது காய்ச்சல்ல படுக்கிற மாதிரி. செலவு உண்டு, பயம் உண்டு, ஆனா எந்திரிச்சுடும்.

அப்போ எங்க ஊருக்கு ஒரே ஒரு டாக்ஸி. பெட்ரோல் அம்பாசிடர். பிரசவம், பாம்புக்கடி, பொண்ணு பார்க்கப் போறது எல்லாத்துக்கும் அதுதான். ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஆள் நிறைய ஏத்திக்கிட்டுப் போனப்போ தண்ணி கொதிச்சு, பாதி மலையில நின்னுடுச்சு. வண்டிக்கார அண்ணனுக்கு இன்னும் கடன் பாக்கி இருந்துச்சு. லாரியில கட்டி இழுத்துட்டு வந்தாங்க.

மெக்கானிக் முதல்ல எதையும் கழட்டலை. ஆயில் குச்சியை உருவினார். ஆயில் கறுப்பா இல்ல, பால் ஊத்தின காப்பி மாதிரி இருந்துச்சு. ஆயில்ல தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம். அடுத்து முன்னாடி ஹேண்டிலைச் செருகி மெதுவா சுத்தினார். நல்ல சிலிண்டர் கையை எதிர்த்துத் தள்ளும். நாலுல பக்கத்துப் பக்கத்து ரெண்டு மட்டும் தொளதொளன்னு போச்சு. பிளக்கைக் கழட்டிப் பார்த்தா, மத்ததுல கரி, ஒண்ணு மட்டும் கழுவி விட்ட மாதிரி பளிச்சுன்னு இருந்துச்சு. அந்த சிலிண்டருக்குள்ள தண்ணி போய் ஆவியாகிக் கழுவியிருக்கு. ஹெட்டைத் தூக்குறதுக்கு முன்னாடியே, "ரெண்டுக்கும் நடுவுல கேஸ்கெட் எரிஞ்சிருக்கு, ஹெட் வளைஞ்சிருக்கும்"னு சொல்லிட்டார். தூக்கிப் பார்த்தா அப்படியேதான் இருந்துச்சு.

இந்தக் கைப்பழக்கம் ஒரு நாள்ல வந்ததில்லை. ஜி.டி. நாயுடு 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் ஓட்டின காலத்துல இருந்து இந்தப் பக்கம் மோட்டார் வேலை வளர்ந்துச்சு. இரண்டாம் உலகப் போர்ல பெட்ரோல் கிடைக்காம, மதுரையில டி.வி.எஸ். நிறுவனத்தார் கரிவாயு அடுப்பு செஞ்சு வண்டிகள்ல மாட்டினாங்க. கரிவாயுல சாம்பலும் தாரும் வரும், இன்ஜின் அடைச்சுக்கும். கழட்டிச் சுத்தம் பண்ணத் தெரியாதவன் வண்டி ஓட்ட முடியாது. கோயமுத்தூர்ல மில்லும் பம்புசெட்டும் பெருகப் பெருக, வார்ப்பு வேலையும் லேத்தும் தெருவுக்குத் தெரு வந்துச்சு. பிஸ்டனுக்கும் வெளிநாட்டைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. மெட்ராஸ் செம்பியத்துல இந்தியா பிஸ்டன்ஸ் 1949ல ஆரம்பிச்சாச்சு.

வண்டியும் அதுக்கு ஏத்த வண்டி. இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டி 1957ல வங்காளத்து உத்தர்பாராவுல வந்ததுதான் அம்பாசிடர். ரொம்ப வருஷம் ஓடின 1489 சிசி இன்ஜின்ல பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. வளைஞ்ச ஹெட்டை மெஷின்ல வச்சு மட்டமா சீவலாம். சிலிண்டர் தேஞ்சா, ஒரு அங்குலத்தை ஆயிரமாப் பிரிச்சு அதுல 20 பங்கு அகலமா போர் அடிச்சு, பெரிய பிஸ்டன் போடலாம். மறுபடி தேஞ்சா 40. அதுக்கும் மேல போனா சிலீவ் இறக்கிப் பழைய அளவுக்கே திரும்பலாம். கிராங்கையும் அப்படித்தான் தீட்டி, அதுக்கேத்த பேரிங் போடுவாங்க. லைசென்ஸ் காலத்துல புது வண்டிக்குப் பணம் கட்டிட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். அதனால பழசைப் பிழைக்க வைக்கிறதைத் தவிர வேற வழியும் இல்லை. அதைக் கெட்டிக்காரத்தனம்னு மட்டும் சொல்லிட முடியாது, பாதி கட்டாயம்தான்.

அண்ணன் வண்டிக்கு ஹெட்டைச் சீவி, 20 போர் அடிச்சு, புது ரிங், புது கேஸ்கெட் போட்டாங்க. வேலை முடியற வரைக்கும் ஊர்ல ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியும் டிராக்டரும்தான். திரும்பி வந்த பிறகும் ரொம்ப நாள் மெதுவாவே ஓட்டினார். புது ரிங் சிலிண்டரோட பழகணும்ல. கடன் அடைஞ்சுது. அந்த வண்டி பின்னாடி 40ம் பார்த்துச்சு, சிலீவும் பார்த்துச்சு.

உத்தர்பாராவுல 2014ல உற்பத்தியை நிறுத்திட்டாங்க. இப்ப வர்ற கார்ல அலுமினிய பிளாக், சென்சார், கம்ப்யூட்டர். புகை குறைவு, மைலேஜ் கூட, அதைக் குறை சொல்லலை. ஆனா பல இன்ஜின்ல போர் அடிக்க இடமே விடறதில்லை. அன்னைக்கு ஹெட் சீவின லேத்துப் பட்டறை இப்பவும் இருக்கு, மகன் நடத்தறார். போன மாசம் என் பவர் டில்லர் ஹெட்டை அங்கதான் கொடுத்தேன். பம்புசெட், டிராக்டர், டில்லர் வேலை நிறைய வருதாம். கார் ஹெட் வந்து பல வருஷமாச்சுன்னார்.