கட்டடக் கலைஞரை இணங்கவைத்தது எது? கணினி மாதிரியின் அரை நூற்றாண்டு

கட்டுமானத் துறையின் கணினிமயம் பற்றிய நூல்களிலும் நிறுவன வெளியீடுகளிலும் ஒரு கூற்று திரும்பத் திரும்ப வருகிறது: கட்டடக் கலைஞர்கள் பழமையில் ஊறியவர்கள், புதிய மென்பொருளுக்கு அஞ்சுபவர்கள், அவர்களை எடுத்துச்சொல்லி இணங்கவைக்க வேண்டும். வரலாற்றுச் சான்றுகளின் முன் இக்கூற்று நிற்பதில்லை. இந்தியாவிலும் பெருந்திட்டங்கள் கணினி மாதிரியைக் கோரத் தொடங்கியுள்ள நிலையில், அது ஏன் நிற்பதில்லை என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

கணினி மாதிரி என்ற எண்ணம் புதிதன்று. 1975இல் சார்லஸ் ஈஸ்ட்மன் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். சுவர், கதவு, உத்தரம் ஆகியவற்றைக் கோடுகளாக வரைவதற்குப் பதிலாகப் பொருள்களாகவே கணினியில் பதிந்துவைக்கலாம் என்றார். ஓரிடத்தில் செய்த மாற்றம் தளப்படம், வெட்டுமுகம், அளவுப் பட்டியல் எல்லாவற்றிலும் தானே இறங்கிவிடும். இன்று ‘கட்டடத் தகவல் மாதிரியாக்கம்’, சுருக்கமாக ‘பிம்’, என்று அழைக்கப்படுவதன் கரு அதுவே. ஈஸ்ட்மன் கட்டடக்கலை பயின்றவர். அதாவது, முதல் அழைப்பு தொழிலுக்கு உள்ளிருந்தே எழுந்தது.

ஆயினும் அடுத்த கால் நூற்றாண்டில் அலுவலகங்களை வென்றது வேறொரு மென்பொருள். 1982இல் வெளியான ஆட்டோகேட், தனிக்கணினியில் கோடு வரையும் கருவியாக வந்தது. தொண்ணூறுகளில் இந்திய அலுவலகங்களிலும் டிரேசிங் தாளும் டி-ஸ்குவேரும் அம்மோனியா பிரதியும் அதற்கு வழிவிட்டன. பழமையில் ஊறியவர்கள் என்று சொல்லப்படுவோர் தம் கைக்கருவி முழுவதையும் சில ஆண்டுகளுக்குள் மாற்றிக்கொண்டனர். காரணம் எளிது. கருவி மாறியதே தவிர வேலையின் அமைப்பு மாறவில்லை. அதே வரைபடம், அதே கட்டணம், அதே பொறுப்பு. திருத்தும் நேரம் மட்டும் குறைந்தது. அந்த மிச்சம் அலுவலகத்துக்கே சேர்ந்தது.

பிம் கேட்டது இதைவிடப் பெரிய மாற்றத்தை. கட்டடக் கலைஞரின் கட்டணம் கட்டம் கட்டமாகவே வழங்கப்படுகிறது. அமெரிக்க வழக்கில் அதன் மிகப் பெரிய பங்கு, ஏறத்தாழ 40 விழுக்காடு, இறுதி வேலை வரைபடங்களுக்கு உரியது. மாதிரியிலோ சுவரின் தடிமன், பொருள், இணைப்பு ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே முடிவுசெய்தாக வேண்டும். எச்ஓகே நிறுவனத்தின் பாட்ரிக் மெக்லீமி 2004 அளவில் பரப்பிய வளைகோடு இதையே விளக்குகிறது: உழைப்பை முன்னே நகர்த்தினால், மாற்றங்களின் செலவு குறைவாக இருக்கும்போதே முடிவுகளை எடுத்துவிடலாம். முன்னே நகர்ந்த உழைப்புக்கு யார் பணம் தருவார் என்பதற்கு அவ்வளைகோட்டில் விடை இல்லை. குழாயும் உத்தரமும் மோதுவதை முன்பே கண்டுபிடித்தால் மிச்சப்படுவது ஒப்பந்ததாரருக்கும் உரிமையாளருக்கும். கூடுதல் உழைப்பும், மாதிரியில் பிழை நேர்ந்தால் பொறுப்பும் கட்டடக் கலைஞருக்கு. இந்தக் கணக்கு தெரிந்தவரின் தயக்கத்தை அறியாமை என்று சொல்ல முடியாது.

ஆகவே, முட்டுக்கட்டை நீங்கியதும் பணம் கொடுப்பவர் தலையிட்ட பின்புதான். அமெரிக்கக் கூட்டரசின் கட்டடங்களைப் பேணும் பொதுச் சேவை நிர்வாகம் 2003இல் முப்பரிமாண மாதிரித் திட்டத்தைத் தொடங்கியது. பின்லாந்தின் அரசுச் சொத்து நிறுவனம் 2007இல் மாதிரிகளைக் கோரியது. சிங்கப்பூர் 2010இல் மென்பொருளுக்கும் பயிற்சிக்கும் உதவ ஒரு நிதியை நிறுவிவிட்டு, 2013இல் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய திட்டங்களுக்கும், 2015இல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டவற்றுக்கும் மாதிரியைக் கட்டாயமாக்கியது. பிரிட்டன் அரசு 2011 மே மாதம் அறிவித்த கட்டுமான உத்தி, 2016க்குள் மத்திய அரசுத் திட்டங்கள் அனைத்திலும் பிம் வேண்டும் என்றது. அங்கு என்பிஎஸ் நடத்திய ஆய்வுகளின்படி 2011இல் 13 விழுக்காட்டினரும் 2020இல் 73 விழுக்காட்டினரும் பிம்மைப் பயன்படுத்தினர். கருத்தரங்க உரைகளால் நிகழாததை ஒப்பந்தத்தின் ஒரு விதி நிகழ்த்தியது.

கதை இங்கே முடிந்திருந்தால் அதை வெற்றி என்று எழுதிவிடலாம். ஆனால் பிரிட்டனின் கட்டளை நடைமுறைக்கு வந்த அதே 2016இல், ரெவிட் மென்பொருளின் உரிமையாளரான ஆட்டோடெஸ்க் தன் மென்பொருள்களுக்கு நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியது. இரண்டும் தனித்தனி முடிவுகள்; விளைவில் ஒன்றையொன்று இறுக்கின. 2020 ஜூலையில், ஜாஹா ஹதீத் ஆர்க்கிடெக்ட்ஸ், கிரிம்ஷா உள்ளிட்ட அலுவலகங்கள் ஆட்டோடெஸ்க்குக்குத் திறந்த மடல் எழுதின. செலவு ஏறுகிறது, மென்பொருள் வளரவில்லை என்பது அவற்றின் குறை. எழுதியவர்கள் மாதிரியை மறுத்தவர்கள் அல்லர், முழுமையாக ஏற்றவர்கள். ஏற்ற பின் வெளியேறும் வழி குறுகிவிட்டதை அம்மடல் பதிவுசெய்கிறது.

இந்தியாவில் முரண் வேறுவிதமானது. அகமதாபாத், ஐதராபாத், சென்னை போன்ற நகரங்களில் நம் வரைவாளர்கள் அமெரிக்க, பிரிட்டன் கட்டடங்களுக்கு நாள்தோறும் மாதிரிகள் உருவாக்கி அனுப்புகிறார்கள். நாகபுரி மெட்ரோ போன்ற பெருந்திட்டங்கள் பிம் வழியே கட்டப்பட்டுள்ளன. எனவே திறமை இல்லை என்று சொல்ல இடமில்லை. ஆனால் பல மாநகராட்சிகளின் இணையவழி அனுமதி அமைப்புகள் குறிப்பிட்ட அடுக்குகளில் வரைந்த இருபரிமாணக் கோப்பையே கேட்கின்றன. நான்கைந்து பேர் கொண்ட ஓர் அலுவலகம் மாதிரி செய்தாலும், அனுமதிக்காக அதை மீண்டும் கோடுகளாக்க வேண்டும். இதில் ‘இணங்காதது’ அலுவலகமா, அதைச் சுற்றியுள்ள அமைப்பா?

நாளை ஒரு கட்டாய விதி இங்கும் வரலாம். அப்போது மூன்று கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை வேண்டும். முன்னே நகரும் உழைப்புக்கு ஏற்பக் கட்டணக் கட்டங்கள் திருத்தப்படுமா? சிங்கப்பூர் போலச் சிறிய அலுவலகங்களுக்கு உதவி உண்டா? ஒரே நிறுவனத்தின் கோப்பு வடிவத்தைக் கோராமல், ஐஎஸ்ஓ 2013இல் தரமாக ஏற்ற ஐஎஃப்சி என்னும் திறந்த வடிவத்தைக் கோருவோமா?

மூன்றாவது கேள்வி வரலாற்று மாணவர்களையும் தொடும். நூறாண்டுக்கு முந்தைய பொதுப்பணித் துறை வரைபடத்தை விரித்தவுடன் படிக்கலாம். புதிய ரெவிட் பதிப்பில் சேமித்த கோப்பை அதன் பழைய பதிப்பில்கூடத் திறக்க முடியாது. இன்றைய கட்டடங்களின் வரலாற்றை எழுதப்போகிறவர்களுக்கு எஞ்சும் ஆவணம் எது என்பதும் இப்போது எழுதப்படும் ஒப்பந்தங்களைப் பொறுத்ததே. கட்டடக்கலை வரலாற்றில் ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர்கள் அந்த ஒப்பந்தங்களிலிருந்து தொடங்கலாம்.