நியூயார்க் நாய்க்கழிவுச் சட்டம்

நியூயார்க் நாய்க்கழிவுச் சட்டம் என்பது, பொது இடத்தில் தம் நாய் கழித்த மலத்தை உரிமையாளரே அகற்ற வேண்டும் என்று விதிக்கும் அமெரிக்கச் சட்டமாகும். நியூயார்க் மாநிலப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் 1310ஆம் பிரிவாக 1977இல் இயற்றப்பட்ட இது, 1978 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நாயுடன் நடப்பவர் கையில் பையுடன் செல்வது இன்று பல நாடுகளில் இயல்பான காட்சி. அந்தப் பழக்கம் பரவியதில் இச்சட்டத்திற்கு முக்கியப் பங்கு உண்டு.

பின்னணி

19ஆம் நூற்றாண்டில் நாய்க்கழிவு பெரிய சிக்கலாகக் கருதப்படவில்லை. லண்டனில் அது விலை பெறும் பொருளாகவே இருந்தது. தோல் பதனிடுவோர் அதைப் பயன்படுத்தியதால், தெருவில் பொறுக்கி விற்றுப் பிழைத்த ஏழைகள் இருந்தனர். ஹென்றி மேஹ்யூ என்ற இதழாளர் அவர்களுடைய வாழ்க்கையைப் பதிவு செய்துள்ளார். நியூயார்க்கிலோ, வண்டிக் குதிரைகளின் சாணம் தெருக்களை நிறைத்திருந்தது. அதன் நடுவே நாய்க்கழிவு யார் கண்ணிலும் படவில்லை. 1895இல் தெருத் துப்புரவுத் துறையின் பொறுப்பேற்ற ஜார்ஜ் வாரிங், வெள்ளைச் சீருடைப் பணியாளர்களைக் கொண்டு நகரைத் தூய்மைப்படுத்தினார். பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகிக் குதிரைகள் மறைந்தன. அதன் பிறகே நாய்க்கழிவு தனித்துத் தெரிந்தது.

1930களில், நாயை நடைபாதையிலிருந்து இறக்கிச் சாலையோரத்தில் கழிக்க விடுமாறு நகரில் அறிவிப்புப் பலகைகள் வைக்கப்பட்டன. அவற்றில் இருந்த 'கர்ப்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நடைபாதை விளிம்பு, அடக்குதல் என இரு பொருள்கள் உண்டு. அகற்றும் வேலை துப்புரவுப் பணியாளரைச் சேர்ந்தது என்பதே அன்றைய கருத்து. ஆனால் சாலையோரங்களில் கார்கள் நெருக்கமாக நிறுத்தப்பட்டபோது, நாயை இறக்குவதற்கு இடமில்லாமல் போயிற்று. துப்புரவு செய்வதும் கடினமாயிற்று.

குழந்தைகளா, நாய்களா?

1970களின் தொடக்கத்தில் இது பெரும் சர்ச்சையாக வெடித்தது. ஃபிரான் லீ என்ற நுகர்வோர் நல ஆர்வலர், நாய்களை விடக் குழந்தைகளே முக்கியம் என்ற முழக்கத்துடன் இயக்கம் நடத்தினார். நாயின் குடலில் வாழும் டாக்சோகாரா என்னும் உருளைப்புழுவை அவர் சுட்டிக்காட்டினார். இதன் முட்டைகள் மண்ணில் கலந்து, விளையாடும் குழந்தைகளின் கைவழியே வாய்க்குள் செல்லக்கூடும். அரிதாக, புழுவின் இளம்பருவம் கண்ணை அடைந்து பார்வையைப் பாதிப்பதும் உண்டு. புதிதாக வெளியேறிய முட்டைகள் உடனே தொற்றுவதில்லை. அதற்குச் சில வாரங்கள் ஆகும். எனவே கழிவை அப்போதே அகற்றினால் தொற்று தடுக்கப்படுகிறது.

எதிர்த்தவர்களிடமும் தக்க காரணங்கள் இருந்தன. தனியாக வாழும் முதியோருக்கு நாயே துணை. குனிந்து அள்ள இயலாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டனர். தண்டத்திற்கு அஞ்சி மக்கள் நாய்களைக் கைவிடுவார்கள் என விலங்கு நல அமைப்பினர் கவலைப்பட்டனர். மேயர் ஜான் லிண்ட்சேயின் காலத்தில் முன்வைக்கப்பட்ட திட்டம் நிறைவேறாமல் போனதற்கு இந்த எதிர்ப்பும் ஒரு காரணம்.

சட்டம் இயற்றப்படுதல்

நகர அளவில் முடியாதது மாநில அளவில் முடிந்தது. சட்டமன்ற உறுப்பினர் எட்வர்ட் லேனரும் மாநிலச் செனட்டர் ஃபிரான்ஸ் லைக்டரும் சட்ட முன்வரைவை முன்னெடுத்தனர். 4,00,000க்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு அது பொருந்தும் என வரையறுக்கப்பட்டது. மேயர் எட் கோச்சின் நிர்வாகம் அதை நியூயார்க் நகரில் நடைமுறைப்படுத்தியது. தண்டம் 100 டாலர் வரை விதிக்கப்பட்டது. 2008இல் இது 250 டாலராக உயர்த்தப்பட்டது. வழிகாட்டி நாய்களுடன் செல்லும் மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

நாய் கழிப்பதையும் உரிமையாளர் அகற்றாமல் செல்வதையும் அலுவலர் நேரில் காண வேண்டியிருந்தது. ஆகவே தண்டம் விதிப்பது எளிதாக இல்லை. ஆயினும் மக்கள் மெல்ல மெல்லக் கீழ்ப்படியத் தொடங்கினர். முன்பு முகம் சுளித்துவிட்டு விலகிச் சென்ற வழிப்போக்கர், இப்போது "அதை எடுங்கள்" என்று சொல்லும் உரிமை பெற்றார். அலுவலரின் கண்ணுக்குத் தப்பியவர், அக்கம்பக்கத்தாரின் கண்ணுக்குத் தப்ப முடியவில்லை.

அண்டை வீட்டுப் புல்வெளி

சட்டம் நடைபாதை, சாலை போன்ற பொது இடங்களைக் குறித்துப் பேசுகிறது; மலத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. புறநகர் வீடுகளின் முன்புறப் புல்வெளியில் எழும் பூசல்கள் பல இந்த எல்லைக்கு வெளியே உள்ளவை. நாயின் சிறுநீரில் உள்ள மிகுதியான நைட்ரஜனும் உப்புகளும் புல்லைக் கருக்கி மஞ்சள் திட்டுகளை உண்டாக்குகின்றன. அதைக் கையால் அள்ள முடியாது. உடனே நிறையத் தண்ணீர் ஊற்றினால் பாதிப்பு குறையும்.

நடைபாதைக்கும் சாலைக்கும் இடையிலுள்ள புல் பட்டை சிக்கலை மேலும் கூட்டுகிறது. அமெரிக்காவின் பல ஊர்களில் அது பொது நிலம். ஆனால் அதைப் பேணுவது வீட்டுக்காரரின் பொறுப்பு. நாயுடன் செல்பவர் அதைப் பொது வழியாகப் பார்க்கிறார். புல் வெட்டுபவர் தம் முற்றமாகப் பார்க்கிறார்.

இவற்றை எழுதாத மரபுகளே ஒழுங்குபடுத்துகின்றன. வீடுகளின் முன் வாரைக் குறுக்கிப் பிடித்தல், நாயைப் புல்வெளியின் உள்ளே நுழைய விடாதிருத்தல், கட்டிய பையைப் பிறர் குப்பைத் தொட்டியில் கேளாமல் போடாதிருத்தல் ஆகியவை அவற்றுள் சில. 1978இல் பையை எடுத்துச் செல்வது ஒரு சட்டக் கட்டாயம். இன்று பெரும்பாலோர் தண்டத்தை நினைக்காமலே அதைச் செய்கின்றனர்.