மீன் தொட்டியும் மாற்றல் உத்தரவும்

1832-ல் சிசிலியில் ஜான் வில்பிரோ-பவர் என்ற பெண்மணி, ஆர்கொனாட் என்ற கடல் உயிரி தன் ஓட்டைத் தானே செய்கிறதா என்று பார்க்கக் கண்ணாடித் தொட்டி கட்டினார். (தானேதான் செய்கிறது!) 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலைக்கு மீன் கூடம் வந்தது. நம்ம மெட்ராஸ் மெரினாவிலேயே 1909-ல் ஒன்று திறந்தார்கள், தெரியுமோ? இரண்டாம் உலகப் போர் அதை மூட வைத்தது.

பழைய தொட்டிகளுக்கு இரும்புச் சட்டமும் மக்கும்தான். மக்கு காய்ந்தால் ஒழுகும். சிலிக்கோன் பசை வந்த பிறகுதான் சட்டம் ஒழிந்தது.

அக்ரிலிக் கதை வேறுங்க. 1933-ல் ஜெர்மனியின் ஓட்டோ ரோம் இதை 'பிளெக்சிகிளாஸ்' என்று பதிவு செய்தார். போரில் விமான ஜன்னலுக்குப் போனது. கண்ணாடியில் பாதி எடைதான். கரைப்பானை விளிம்பில் ஓட விட்டால் தகடுகள் இளகி ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். கீறல் மட்டும் சட்டென்று விழும். மூன்று வருஷத்துக்கொரு மாற்றல் வாங்கும் வங்கிக்காரனுக்கு எடைதான் முக்கியம். ஊர், பள்ளிக்கூடம், சிநேகிதிகள் எல்லாம் மாறும் என் பெண்ணுக்கு இந்தத் தொட்டியாவது கூடவே வரட்டும் என்று புனேயில் நானே ஒட்டினேன்.

பெர்லினில் பத்து லட்சம் லிட்டர் அக்ரிலிக் உருளை 2022 டிசம்பர் 16 அதிகாலை வெடித்தது. சுமார் 1,500 மீன்களில் பெரும்பாலானவை செத்தன. என்னுடையது வெறும் 90 லிட்டர். ஆனாலும் கீழ்வீட்டுக்காரர் தலைமேல் 90 கிலோ அல்லவா! ஒரு வாரம் பால்கனியில் வெறும் தண்ணீரோடு நிற்கட்டும். இன்று நாலாம் நாள், இதுவரை ஒரு சொட்டு கசியவில்லை :-)