மலையடியில் உழைத்த முதிய கைகள்

திருவண்ணாமலை நகரிலிருந்து செங்கம் செல்லும் சாலையில் ரமணாசிரமம் அமைந்துள்ளது. அங்கு வருவோர் ரமண மகரிஷியின் சமாதியையும் அவர் அமர்ந்திருந்த கூடத்தையும் கண்டு திரும்புவர். அவ்விடத்தின் வரலாற்றில் ஓரிரு பக்கங்களே பெற்ற வேறு சிலரும் உண்டு. கீரை பறித்தும் சோறு சமைத்தும் மலைப்பாதையில் அதைச் சுமந்தும் வாழ்ந்த பெண்கள் அவர்கள். முதுமையும் உழைப்பும் ஒன்றோடொன்று கொண்டுள்ள உறவை ஆராய விரும்புவோர்க்கு அவர்களது வாழ்வு நல்லதொரு தொடக்கமாகும்.

1896 செப்டம்பர் 1-ஆம் நாள் ரமணர் தம் 16-ஆம் வயதில் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். பின்னர் அவர் மலைமேல் விரூபாட்ச குகையில் வாழ்ந்த காலத்தில், குகை நமசிவாயர் கோயில் மண்டபத்தில் மூதாட்டி ஒருவர் தங்கியிருந்தார். சரிவுகளில் அலைந்து கீரை பறித்துச் சமைப்பார். இளந்துறவிக்கு அளித்த பின்னரே தாம் உண்பார். 'கீரைப் பாட்டி' என்பதே அவருக்கு நிலைத்த பெயர். செய்த தொழிலே அவருக்குப் பெயராயிற்று.

கணவரையும் மக்களையும் அடுத்தடுத்து இழந்து, துயர் தாளாமல் மலையை நாடி வந்தவர் எச்சம்மாள். நகரில் தம் இல்லத்தில் சமைத்த உணவை நாள்தோறும் ரமணருக்கு எடுத்துச் செல்வதையே வாழ்வின் கடனாக ஏற்றார். 1945-இல் இறக்கும்வரை அத்தொண்டை விட்டாரல்லர். முதலியார் பாட்டி என்பாரும் அவ்வாறே உணவு சுமந்து வந்தார். 1916-இல் மகனோடு வாழ வந்த தாய் அழகம்மாள் கந்தாசிரமத்தில் சமையலைத் தொடங்கி வைத்தார். 1922-இல் மறைந்த அந்த அன்னையின் சமாதியைச் சுற்றியே இன்றைய ஆசிரமம் எழுந்தது.

ஆசிரமத்திற்கெனச் சமையற்கூடம் அமைந்தபின் நிகழ்ந்ததாக அன்பர்களின் நினைவுக் குறிப்புகள் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றன. இனி வெளியிலிருந்து உணவு கொண்டுவரத் தேவையில்லை என்று நிர்வாகத்தினர் எச்சம்மாளிடம் தெரிவித்தனர். அவர் மனம் வருந்தி வீடு திரும்பினார். உணவுவேளை மணி ஒலித்தது, ரமணர் எழவில்லை. காரணத்தை உணர்ந்தவர்கள் நகருக்கு விரைந்து, எச்சம்மாளை வேண்டி அழைத்து வந்தனர். அதன் பின்னரே அவர் உணவுண்ண எழுந்தார்.

நிர்வாகத்தினரின் எண்ணம் தீயதன்று. சமையற்கூடம் இருக்கையில் ஒருவர் தொலைவிலிருந்து சுமந்து வருவானேன் என்று எண்ணியிருக்கலாம். ஆயினும், "உங்கள் கை இனி வேண்டாம்" என்ற சொல் எவ்வளவு கனிவாகச் சொல்லப்பட்டாலும், கேட்பவரின் நெஞ்சில் அது "நீங்களே வேண்டாம்" என்றுதான் ஒலிக்கிறது. நம் இல்லங்களிலும் இதே சொல்லை அன்பின் பெயரால் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்!

எனினும், இதை மட்டும் கூறி அமைந்தால் உண்மையின் மறுபாதியை மறைத்தவராவோம். எச்சம்மாள் சுமந்தது அன்பினால். நம் நாட்டு முதியோருள் மிகப் பலர் சுமப்பதோ பசியினால். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 75 இலட்சம். நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல். இந்தியக் கிராமங்களில் வாழ்ந்த முதியோருள் ஆண்களில் 66 விழுக்காட்டினரும் பெண்களில் 28 விழுக்காட்டினரும் அப்போதும் உழைத்துக்கொண்டிருந்தனர். தமிழக அரசு தன் ஊழியரின் ஓய்வு வயதை 2020-இல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தியது. அது பெருஞ்செய்தியாயிற்று. களை பறிக்கும் மூதாட்டிக்கோ ஓய்வு வயதென்று ஒன்றே இல்லை.

அரசு இதை முற்றிலும் மறந்துவிடவில்லை. 1962-இல் தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை தொடங்கியது. 2006-இல் ஊரக வேலை உறுதிச் சட்டம் முதற்கட்டமாக நடைமுறைக்கு வந்த மாவட்டங்களுள் திருவண்ணாமலையும் ஒன்று. 18 வயது நிரம்பியோர் வேலை கேட்கலாம் என்ற அச்சட்டம் வயதுக்கு மேல்வரம்பு விதிக்கவில்லை. வேலையிடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவருக்கும் கூலி உண்டென்றது. 'நூறு நாள் வேலை' என்று ஊரார் அழைத்த அப்பணிக்கு, வேறெங்கும் வேலை கிடைக்காத மூதாட்டியரும் வந்தனர். உதவித்தொகை ஓய்வுக்கு வழி செய்ய முயன்றது. வேலைத்திட்டம் உழைக்க இடம் தந்தது. முதுமைக்கு இவ்விரண்டும் வேண்டும்.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடல், முதுமைக்கால ஓய்வூதியத்தைத் தொழிலாளரின் உரிமையாகவே எடுத்துரைக்கிறது. உரிமை என்பதே இங்கு முதன்மையான சொல். இயலும்வரை உழைப்பதும் இயலாதபோது ஓய்வதும் முதியவர் தாமே தெரிந்துகொள்ள வேண்டியவை. பசி அவரை வேலைக்கு விரட்டுவதும் தவறு. நம் இரக்கம் அவரை வேலையிலிருந்து விலக்குவதும் தவறு.

அன்று ஓர் உணவுவேளை, ஒரு பெண்ணின் வருகைக்காகக் காத்திருந்தது. நம் இல்லத்தில், நம் பங்கில், நம் ஊரில் எந்த முதிய கைகளுக்காக நாம் காத்திருக்கிறோம்?